ஸ்விக் பைண்டிங்கில் கால்பேக் ஏன் பாதியில் விழுகிறது: கருவி செய்வதும் நம் தலையில் விடுவதும்

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒரு சி++ லைப்ரரி இருக்கிறது. அது தனக்கென ஒரு த்ரெட் வைத்துக்கொண்டு, சாதனத்திலிருந்து தரவு வந்ததும் ஒரு லிஸனர் கிளாஸின் மெத்தடை அழைக்கிறது (இதுதான் கால்பேக்). அதற்கு, பிற மொழிகளிலிருந்து சி++ஐ அழைக்கும் கோடைத் தானே எழுதித் தரும் ஸ்விக் கருவியைக் கொண்டு பைத்தான் பைண்டிங் (இணைப்பு) உருவாக்கியிருக்கிறீர்கள். பைத்தானிலிருந்து சி++ஐ அழைப்பதில் பிரச்சினை இல்லை. எதிர்த்திசைக்காக, அதாவது சி++ பைத்தானை அழைப்பதற்காக, ஸ்விக்கின் டைரக்டர் வசதியை இயக்கி, லிஸனரைப் பைத்தானில் சப்கிளாஸ் செய்து பதிவு செய்தீர்கள். முதல் சில அழைப்புகள் ஒழுங்காக வருகின்றன, அப்புறம் செக்ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் புரோகிராம் விழுவது). சில சமயம் விழாமல் அப்படியே உறைந்து நிற்கிறது. ஸ்விக்கை விட்டுவிட்டு, சி++க்குப் பைத்தான் பைண்டிங் எழுத உதவும் இன்னொரு கருவியான பைபைண்ட்11க்குப் போகலாமா, இல்லை ஃபங்ஷன் பாயிண்டரும் வாய்ட் பாயிண்டரும் வைத்துக் கையாலேயே எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்தக் கருவி நல்லது என்று கேட்பதுபோல் இருந்தாலும், இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: கால்பேக் விஷயத்தில் கருவி எதுவரை பொறுப்பேற்கிறது, எதை உங்கள் தலையில் விட்டுவிடுகிறது? இது தெரியாமல் கருவியை மாற்றினால் விழுகிற இடம் மாறும், விழுவது நிற்காது. சி++க்கும் பைத்தான், ஜாவாவுக்கும் இடையே பைண்டிங் எழுதுவதும், பிறர் எழுதியது விழும்போது உட்கார்ந்து பார்ப்பதும் பல வருடமாக என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கோடை நான் பார்க்கவில்லை. கருவிகள் இயங்கும் விதம் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் புரோகிராமில் இதுதான் நடக்கிறது என்று சொல்லும் இடங்கள் ஊகம், அவற்றைச் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

ஸ்விக் 1995இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் டேவிட் பீஸ்லி தொடங்கியது. அதன் அடிப்படை இன்றும் அதேதான்: ஹெடரில் உள்ள அறிவிப்புகளைப் படித்து, ஒவ்வொன்றையும் வேறு மொழியிலிருந்து அழைக்க ஓர் உறை எழுதித் தருவது. அது ஒருவழிப் பாதை. எதிர்த்திசைக்காக வந்தது டைரக்டர். அதை இயக்கியதும் ஸ்விக் உங்கள் லிஸனர் கிளாஸிலிருந்து இன்னொரு சி++ கிளாஸை டிரைவ் செய்து, எல்லா வர்ச்சுவல் (டிரைவ் செய்த கிளாஸ் மாற்றி எழுதக்கூடிய) மெத்தடுகளையும் தானே மறுபடி எழுதுகிறது. ஒவ்வொரு மெத்தடும் செய்வது ஒன்றே: ஆர்க்யுமென்ட்டுகளைப் பைத்தான் ஆப்ஜெக்டுகளாக மாற்றி, தன்னிடமுள்ள பைத்தான் ஆப்ஜெக்டின் அதே பெயருள்ள மெத்தடை அழைத்து, கிடைத்த விடையைச் சி++ வடிவத்துக்குத் திருப்புவது. உருவாக்கப்பட்ட கோப்பைத் திறந்து, ஸ்விக்டைரக்டர் என்று தொடங்கும் கிளாஸைத் தேடிப் படித்துப் பாருங்கள். அழகாக இருக்காது, ஆனால் புரியும். வர்ச்சுவலாக அறிவிக்காத மெத்தடுகள் அதில் இருக்காது. அவற்றைப் பைத்தானில் எழுதினாலும் சி++ கண்டுகொள்ளாது. பைத்தான் பக்கம் சொந்தமாக இனிட் எழுதியிருந்தால் தாய் கிளாஸின் இனிட்டையும் அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் சி++ பக்கத்துப் பாதி உருவாகவே உருவாகாது.

ஆக, ஒரு லிஸனர் என்பது உண்மையில் இரண்டு ஆப்ஜெக்டுகள்: பைத்தானில் ஒன்று, சி++இல் ஒன்று. லிஸனரைப் பதிவு செய்யும் ஆட்லிஸனர் ஃபங்ஷன் ஒரு லிஸனர் பாயிண்டரை வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும்தான் ஹெடரில் இருக்கிறது. அதை எவ்வளவு நேரம் வைத்திருக்கும், எந்த த்ரெடிலிருந்து அழைக்கும், அந்த அழைப்புக்குள் எக்ஸெப்ஷன் கிளம்பினால் தாங்குமா என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்காது. அறிவிப்பில் இல்லாததை எந்தக் கருவியாலும் ஊகித்து எழுத முடியாது. நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் செக்ஃபால்ட்டுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஆயுள் பிரச்சினையைத்தான். பைத்தானில் லிஸனரை உருவாக்கும்போது அதன் உரிமை பைத்தானிடம் இருக்கிறது. ஆட்லிஸனருக்குக் கொடுக்கும்போது சி++ கையில் போவது வெறும் பாயிண்டர். ஓர் ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று பைத்தான் வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை அதனால் கூடுவதில்லை. லிஸனர் ஒரு ஃபங்ஷனின் லோக்கல் வேரியபிளாக இருந்தால், அந்த ஃபங்ஷன் முடிந்ததும் எண்ணிக்கை பூஜ்யமாகும். பைத்தான் பாதி அழியும்போது கூடவே சி++ பாதியும் டிலீட் ஆகும். லைப்ரரியிடம் மட்டும் பழைய முகவரி மிச்சமிருக்கும். ஃபங்ஷன் ஓடிக்கொண்டிருந்த வரை வந்த அழைப்புகள் ஒழுங்காக வரும், அப்புறம் வருவது விழும். நீங்கள் விவரிப்பது இதோடு அப்படியே பொருந்துகிறது. விடுவித்த மெமரியை உடனே மேலெழுதும் அலகேட்டரும் (மெமரி ஒதுக்கும் பகுதி) உண்டு, கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. அதனால் ஒரே பிழை ஒரு கணினியில் உடனே விழும், இன்னொன்றில் வெகு நேரம் ஓடிவிட்டு விழும்.

இதைச் சோதிப்பது சுலபம். லிஸனர் கிளாஸில் டெல் மெத்தடை எழுதி, அதில் ஒரு வரி அச்சிடுங்கள். செக்ஃபால்ட்டுக்கு முன் அந்த வரி திரையில் வந்தால் சந்தேகம் உறுதி. வராவிட்டால் இந்தப் பத்தியை விட்டுவிட்டு த்ரெட் பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போய்விடலாம்.

சரிசெய்ய இரண்டு வழி. லிஸனரைப் பைத்தான் பக்கமே யாராவது பிடித்து வைத்திருப்பது ஒன்று. லிஸனரைப் பதிவு செய்துகொள்ளும் லைப்ரரி ஆப்ஜெக்டை (என்ஜின் என்போம்) சுற்றி மெல்லிய பைத்தான் கிளாஸ் ஒன்று எழுதி, பதிவான லிஸனர்களை அதில் ஒரு லிஸ்டில் வைத்து, நீக்கும்போது அங்கிருந்தும் எடுத்துவிடலாம். இன்னொன்று, டிஸ்ஓன் என்று ஸ்விக் தரும் மெத்தடை அழைத்து உரிமையைச் சி++க்கு மாற்றிவிடுவது. அதன் பிறகு டைரக்டர்தான் பைத்தான் பாதியைப் பிடித்து வைத்திருக்கும். உங்கள் கையில் மிஞ்சுவது பலவீன ரெஃபரன்ஸ் (ஆப்ஜெக்டை உயிரோடு பிடித்து வைக்காத ரெஃபரன்ஸ்) மட்டும். ஆனால் லைப்ரரி அந்த லிஸனரை என்றாவது டிலீட் செய்யும் என்ற உத்தரவாதம் இருந்தால்தான் இது செல்லும். நிறைய லைப்ரரிகள் லிஸனரைக் கடனாக வாங்குமே தவிர சொந்தமாக்கிக்கொள்வதில்லை. அங்கே டிஸ்ஓன் செய்தால் மெமரி கசியும். ஆவணம் தெளிவாக இல்லாவிட்டால் லைப்ரரியின் டிஸ்ட்ரக்டரைப் படித்துவிடுங்கள்.

டிஸ்ஓன் செய்யும்போது இன்னொரு சிக்கலும் வரும். லிஸனர் தன் வசதிக்காக என்ஜினை ஒரு அட்ரிபியூட்டில் வைத்திருந்தால் வட்டம் முழுமையாகிவிடுகிறது: சி++ என்ஜின் லிஸனரைப் பிடிக்கிறது, லிஸனர் என்ஜினைப் பிடிக்கிறது. பைத்தானின் கார்பேஜ் கலெக்டருக்குச் சி++ பக்கத்துக் கண்ணி தெரியாது, எனவே அந்த வட்டத்தை அது ஒருநாளும் உடைக்காது. லிஸனரிலிருந்து என்ஜினுக்குப் பலவீன ரெஃபரன்ஸ் வைப்பதுதான் என் பழக்கம்.

பைபைண்ட்11க்குப் போனால் இதெல்லாம் தீருமா என்றால், உருவம் மாறும், அவ்வளவுதான். அங்கே டைரக்டருக்குப் பதில் டிராம்போலின் என்ற கிளாஸை நீங்களே எழுதுவீர்கள். லைப்ரரி ஷேர்டு பாயிண்டர் வைத்துக்கொண்டால் சி++ பாதி பிழைத்திருக்கும், பைத்தான் பாதி மட்டும் செத்துப்போகும். அப்போது செக்ஃபால்ட் வராது. பியூர் வர்ச்சுவல் ஃபங்ஷனை அழைக்க முயன்றதாக ஒரு பிழைச்செய்தி வரும், அல்லது தாய் கிளாஸின் மெத்தட் சத்தமில்லாமல் ஓடிவிடும். இரண்டாவது நிலைமை செக்ஃபால்ட்டை விடக் கொடுமை, ஏனென்றால் எதுவும் உடைந்ததாகவே தெரியாது. அதற்கென்றே கீப்அலைவ் என்று ஒரு குறிப்பு பைபைண்ட்11இல் உண்டு. இந்த ஆர்க்யுமென்ட் அந்த ஆப்ஜெக்ட் இருக்கும்வரை இருக்கட்டும் என்று அதில் சொல்லலாம். சொல்ல வேண்டியது யார்? நீங்கள்தான். பைத்தானிலிருந்து சி கோடை அழைக்க உதவும் சிடைப்ஸ் மாட்யூலின் ஆவணத்திலும் இதே எச்சரிக்கை இருக்கிறது: சி கோடு பயன்படுத்தும் வரை கால்பேக் ஆப்ஜெக்டை நீங்கள் பிடித்து வைத்திருக்காவிட்டால் அது சேகரிக்கப்பட்டுவிடும், அடுத்த அழைப்பில் புரோகிராம் விழும். சி ஷார்ப்பில் டெலிகேட்டை நேட்டிவ் கோடுக்குக் கொடுப்பவர்களுக்கும் இதே கதைதான்.

ஆயுள் சம்பந்தமாக இன்னொன்றும் உண்டு. இது கால்பேக்கின் ஆயுள் அல்ல, அதற்குள் வரும் தரவின் ஆயுள். உங்கள் மெத்தட் ஓர் ஈவென்ட்டை ரெஃபரன்ஸாக வாங்கினால், ஸ்விக் அதைச் சுற்றித் தரும் பைத்தான் ஆப்ஜெக்டுக்கு அதன் மேல் உரிமை கிடையாது. சி++ தன் ஸ்டாக்கிலோ பஃபரிலோ வைத்திருப்பதை எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். அழைப்பு முடிந்ததும் அந்த இடம் வேறு எதற்காவது போய்விடும். பைத்தானில் ஈவென்ட்டுகளை ஒரு லிஸ்டில் சேர்த்து வைத்து அப்புறம் படிப்பது மிக இயல்பான செயல், இங்கே அது ஆபத்து. எல்லாமே கடைசி ஈவென்ட் போலத் தெரிந்தால் இதுதான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கால்பேக்கின் முதல் வேலையாக, தேவையானவற்றை எண்ணாகவோ ஸ்ட்ரிங்காகவோ பைட்ஸாகவோ நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, த்ரெட். பைத்தான் ஆப்ஜெக்டை எந்த த்ரெட் தொட்டாலும் அதன் கையில் ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பைத்தான் கோடை ஓட்ட விடும் பூட்டு) இருக்க வேண்டும். லைப்ரரி தானே தொடங்கிய த்ரெடைப் பைத்தானுக்குத் தெரியவே தெரியாது. அது உள்ளே வரும்போது தன்னைப் பதிவு செய்துகொண்டு பூட்டைப் பெற வேண்டும், போகும்போது விட வேண்டும். ஸ்விக் இதை இயல்பாகச் செய்வதில்லை. மாட்யூல் அறிவிப்பில் த்ரெட்ஸ் என்ற விருப்பத்தை 1 என்று கொடுத்தால்தான், டைரக்டர் மெத்தடுகள் பூட்டைப் பெறும் கோடும், சாதாரண அழைப்புகளில் பூட்டை விடும் கோடும் சேர்க்கப்படுகின்றன. உங்கள் இன்டர்ஃபேஸ் கோப்பில் அது இல்லாவிட்டால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதைப் போடுங்கள். பூட்டில்லாமல் ஓடும் டைரக்டரும் முதலில் சில முறை சரியாக ஓடுவதுபோலத்தான் இருக்கும், பிறகு சம்பந்தமில்லாத ஓரிடத்தில் விழும். பைபைண்ட்11இன் ஓவர்ரைடு மேக்ரோ பூட்டைத் தானே பெற்றுவிடுகிறது. அந்த ஒரு விஷயத்தில் அது வசதி. 2024இல் வந்த பைத்தான் 3.13இல் ஜிஐஎல் இல்லாத சோதனைப் பதிப்பும் உண்டு. அதிலும் வெளி த்ரெட் தன்னை இன்டர்பிரெட்டரோடு இணைத்துக்கொள்ளும் படி அவசியம்தான்.

பலரும் தவறவிடுவது, கால்பேக்கை அழைக்கும்போது மட்டுமல்ல, அதை விடும்போதும் பூட்டு வேண்டும் என்பதை. சி++ த்ரெட் ஒன்று லிஸனர் பட்டியலைக் காலி செய்து, அதனால் கடைசி பைத்தான் ரெஃபரன்ஸ் போகிறதென்றால், அங்கேயும் பைத்தான் கோடுதான் ஓடுகிறது. நகலெடுத்தாலும் அப்படியே. கையால் எழுதுபவர்கள் அழைப்பைச் சுற்றிப் பூட்டுப் போட்டுவிட்டு டிஸ்ட்ரக்டரை மறந்துவிடுவார்கள். பைத்தான் ஃபங்ஷனை எஸ்டிடி ஃபங்ஷனாக மாற்றித் தரும்போது பைபைண்ட்11 இந்த எல்லா இடங்களிலும் பூட்டைப் பெறுகிறது. கையால் எழுத நினைக்கும் யாரும் முதலில் அந்தக் கோடைப் படித்துவிடுவது நல்லது.

உறைந்து நிற்பதற்கு வருவோம். இதன் காரணமும் பெரும்பாலும் பூட்டுதான், ஆனால் இந்த முறை அது அதிகமாகப் போனதால். பைத்தானில் ஸ்டாப் என்று அழைக்கிறீர்கள். மெயின் த்ரெட் ஜிஐஎல்லைக் கையில் வைத்துக்கொண்டே சி++க்குள் போய், தரவு த்ரெட் முடியட்டும் என்று காத்திருக்கிறது. தரவு த்ரெடோ கடைசி ஈவென்ட்டைக் கொடுப்பதற்காக அதே ஜிஐஎல்லுக்குக் காத்திருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்பார்கள். ஸ்டாப், ஜாயின், வெயிட் போன்று தடுத்து நிறுத்தும் எந்த ஃபங்ஷனும் பூட்டை விட்டுவிட்டுத்தான் சி++க்குள் நுழைய வேண்டும். ஸ்விக்கில் மேலே சொன்ன த்ரெட்ஸ் விருப்பம் இதைப் பார்த்துக்கொள்ளும். பைபைண்ட்11இல் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கால்கார்டு மூலம் நீங்கள் சொல்ல வேண்டும்.

லைப்ரரியின் சொந்த மியூட்டெக்ஸும் (த்ரெடுகளுக்கிடையேயான பூட்டு) இந்த ஆட்டத்தில் சேர்ந்தால் நிலைமை இன்னும் சுவாரசியம். லிஸனர் பட்டியலைக் காக்கும் மியூட்டெக்ஸைப் பிடித்தபடியே லைப்ரரி கால்பேக்குகளை அழைத்தால், ஒரு த்ரெட் மியூட்டெக்ஸ் வைத்துக்கொண்டு ஜிஐஎல் கேட்கும், இன்னொன்று ஜிஐஎல் வைத்துக்கொண்டு மியூட்டெக்ஸ் கேட்கும். கால்பேக்குக்குள்ளிருந்தே லிஸனரை நீக்க முயன்றால் ஒரே த்ரெட் தன்னையே பூட்டிக்கொள்ளும். லைப்ரரி உங்களுடையது என்றால், பட்டியலை நகலெடுத்து, மியூட்டெக்ஸை விட்டுவிட்டு, நகலிலிருந்து அழையுங்கள். அதற்கும் ஒரு விலை உண்டு: நீக்கிவிட்ட லிஸனருக்குக் கூட, ஏற்கெனவே நகலில் இருந்ததால், ஓர் அழைப்பு தாமதமாக வந்து சேரலாம். நீக்கு என்ற அழைப்பு திரும்பியபின் கால்பேக் வரவே வராது என்று உறுதி கொடுக்க வேண்டுமானால், ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பு முடியும்வரை அது காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருப்பதையே கால்பேக்குக்குள்ளிருந்து செய்தால் மறுபடி பூட்டு. இரண்டில் எது என்று முடிவு செய்து ஹெடரின் கமெண்ட்டில் எழுதி வைப்பது ஒன்றே வழி. எல்லாருக்கும் பொருந்தும் விடை இதற்கு இல்லை.

ஜாவா பக்கம் இருப்பவர்களுக்கும் சுருக்கமாக ஒரு வார்த்தை. ஜாவாவையும் நேட்டிவ் கோடையும் இணைக்கும் ஜேஎன்ஐயில் என்வ் பாயிண்டர் ஒவ்வொரு த்ரெடுக்கும் தனித்தனி. அதைச் சேமித்து வைத்து வேறு த்ரெடில் பயன்படுத்தக் கூடாது. ஜாவாவிஎம் பாயிண்டரைத்தான் சேமிக்க வேண்டும், நேட்டிவ் த்ரெடை அதன் மூலம் இணைக்க வேண்டும், த்ரெட் முடியும் முன் பிரிக்கவும் வேண்டும். கால்பேக் ஆப்ஜெக்டுக்கு குளோபல் ரெஃபரன்ஸ் அவசியம், லோக்கல் ரெஃபரன்ஸ் அந்த நேட்டிவ் அழைப்போடு செத்துவிடும். ஆண்ட்ராய்டில், இப்படி இணைக்கப்பட்ட த்ரெடிலிருந்து பெயரை வைத்துக் கிளாஸைத் தேடினால் உங்கள் ஆப்பின் கிளாஸ்கள் கிடைக்காது. தொடக்கத்திலேயே தேடி எடுத்து வைத்துவிடுங்கள்.

எக்ஸெப்ஷன் விஷயத்தில் என் கட்டளை கடுமையானது: பைத்தான் கால்பேக்கின் மிக வெளியே ட்ரை போட்டு, எதுவும் எல்லையைத் தாண்ட விடாதீர்கள். ஸ்விக்கில் டைரக்டர் எக்ஸெப்ஷனுக்கென்று தனி அமைப்பு இருக்கிறது, அதில் பைத்தான் பிழையைச் சி++ எக்ஸெப்ஷனாக மாற்றலாம். ஆனால் உங்கள் அழைப்பு ஓடுவது லைப்ரரியின் த்ரெடில். அங்கே அதைப் பிடிக்க யாரும் இல்லாவிட்டால் எஸ்டிடி டெர்மினேட் அழைக்கப்பட்டு முழு புரோகிராமும் நிற்கும். நடுவில் சி மொழியில் எழுதிய அடுக்கு இருந்தால், சி++ எக்ஸெப்ஷன் அதன் வழியே சரியாக வெளியேறும் என்று நம்ப முடியாது. சிடைப்ஸ் இதற்கு நேர்மாறு: பிழையை அச்சிட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிறது, மதிப்பு திருப்ப வேண்டிய கால்பேக் என்றால் தவறான மதிப்பு போகும். ரஸ்ட் மொழியில் சி வகை எல்லையைப் பேனிக் (அதன் கடும் பிழை நிலை) தாண்ட முயன்றால், 2024இல் வந்த 1.81 பதிப்பு முதல் புரோகிராம் நிறுத்தப்படுகிறது. இத்தனை விதமான நடத்தைகளை மனதில் வைத்துக்கொள்வதை விட, பிழையைக் கால்பேக்குக்குள்ளேயே பிடித்து, பதிந்து, வெற்றி தோல்வியை ஓர் எண்ணாகத் திருப்பிவிடுவது எளிது.

இனி, கையால் எழுதலாமா என்ற பகுதி. ஃபங்ஷன் பாயிண்டரோடு ஒரு வாய்ட் பாயிண்டரும் சேர்த்து வாங்கும் சி இன்டர்ஃபேஸ் நல்ல வடிவம்தான். அந்தக் கூடுதல் பாயிண்டர் இல்லாமல் வேறு மொழியை இணைப்பது எவ்வளவு தொல்லை என்பதற்கு சி தரநூலகத்தில் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான க்யூசார்ட்டே சாட்சி. ஒப்பிடும் ஃபங்ஷனுக்கு எந்தச் சூழலையும் அனுப்ப முடியாததால் க்யூசார்ட்_ஆர் என்று இன்னொன்று வந்தது. அதிலும் லினக்ஸின் ஜிலிப்சி நூலகமும் பிஎஸ்டி அமைப்புகளும் ஆர்க்யுமென்ட் வரிசையை வேறுவேறாக வைத்துக்கொண்டன. எனவே உங்கள் லைப்ரரியில் அந்த இடம் இருந்தால் நல்லது. ஆனால் அதில் பைத்தான் ஆப்ஜெக்டின் முகவரியை வைக்காதீர்கள். ஓர் எண்ணை வையுங்கள். பைத்தான் பக்கம் ஒரு டிக்ஷனரி: எண், அதற்குரிய கால்பேக். எல்லா அழைப்புகளும் ஒரே ஒரு நிலையான ஃபங்ஷனுக்கு வந்து, எண்ணைத் தேடி, கிடைத்தால் அழைத்து, கிடைக்காவிட்டால் சும்மா திரும்பிவிடும். தாமதமாக வந்த அழைப்பு செத்த முகவரியைத் தொடுவதற்குப் பதில், இல்லாத எண்ணைத் தேடித் தோற்கும், அவ்வளவுதான். ஒரு நிபந்தனை, பயன்படுத்திய எண்ணைத் திரும்பக் கொடுக்காதீர்கள். 64 பிட் எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் தீராது. கோ மொழியில் 1.17 பதிப்பில் வந்த சிகோ ஹேண்டிலும் இதே யோசனைதான். ரஸ்ட் கோடுக்குப் பிற மொழி பைண்டிங் உருவாக்கும் மொஸில்லாவின் யூனிஎஃப்எஃப்ஐயிலும் எல்லையைத் தாண்டுவது ஹேண்டில்தான்.

உங்கள் நிலைமையில் நான் இருந்தால் இன்னொரு கேள்வியையும் கேட்பேன்: சி++ த்ரெட் பைத்தானை அழைக்கத்தான் வேண்டுமா? தரவு ஓட்டம்தான் என்றால், சி++ பக்கம் ஒரு சின்ன லிஸனர் எழுதி, அது ஈவென்ட்டை நகலெடுத்து ஒரு க்யூவில் போட்டுவிட்டுப் போகட்டும். பைத்தான், நேரவரம்புள்ள ஒரு வெயிட் ஃபங்ஷனை அழைத்து, சேர்ந்திருப்பதை மொத்தமாக எடுத்துக்கொள்ளட்டும். அந்த வெயிட் மட்டும் ஜிஐஎல்லை விட்டுவிட்டு ஓட வேண்டும். டைரக்டரும் வேண்டாம், வெளி த்ரெட் பைத்தானுக்குள் நுழைவதும் இல்லை, எக்ஸெப்ஷன் எல்லை தாண்டுவதும் இல்லை. ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் எல்லை கடக்கும் செலவும் மிச்சமாகிறது, வேகமாகத் தரவு வரும்போது அது சின்ன விஷயமில்லை. க்யூவுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். நிரம்பினால் பழையதை விடுவதா புதியதை விடுவதா என்று நீங்கள் முடிவெடுங்கள். கால்பேக்கின் விடைக்காக லைப்ரரி காத்திருக்கிறது என்றால், உதாரணமாக ஒப்புதல் கேட்கும் கால்பேக் என்றால், இந்த வழி உதவாது. அங்கே நேரடி அழைப்புதான்.

கருவி மாற்றுவது பற்றி என் அபிப்பிராயம் கேட்டால்: பைத்தான் மட்டும்தான் இலக்கு, லைப்ரரியும் நவீன சி++ என்றால், புதிதாகத் தொடங்கும்போது நான் பைபைண்ட்11ஐ எடுப்பேன். ஒரே லைப்ரரியை ஜாவா, சி ஷார்ப் என்று பல மொழிகளுக்குக் கொடுக்க வேண்டுமானால் ஸ்விக்குக்கு ஈடு குறைவு. ஏற்கெனவே ஓடும் ஸ்விக் பைண்டிங்கை இந்தப் பிழைக்காக மட்டும் தூக்கி எறிய மாட்டேன்.

தேட ஆரம்பிக்கும்போது, பைத்தானின் ஃபால்ட்ஹேண்ட்லரை இயக்கி ஓடவிடுங்கள், விழும் கணத்தில் எந்தெந்தப் பைத்தான் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன என்று காட்டும். லைப்ரரியை அட்ரஸ் சானிடைஸரோடு தொகுத்தால், விடுவித்த மெமரியைத் தொட்டது எங்கே, அதை விடுவித்தது எங்கே என்று இரண்டு பக்கமும் தெரியும். ஆயுள் பிழைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. உறைந்து நிற்கும்போது ஜிடிபி டிபக்கரை இணைத்து எல்லா த்ரெடுகளின் அடுக்கையும் எடுத்துப் பாருங்கள். ஒன்று ஜாயினிலும் இன்னொன்று ஜிஐஎல் பெறும் ஃபங்ஷனிலும் நின்றால் மேலே சொன்ன கதைதான்.

எல்லாம் சரியாகி, புரோகிராம் முடியும் நேரத்தில் மட்டும் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பைத்தான் தன்னைக் கலைத்துக்கொண்டிருக்கும்போது சி++ த்ரெட் ஒன்று ஜிஐஎல் கேட்டால், 3.14க்கு முந்தைய பதிப்புகளில் அந்த த்ரெடே முடிக்கப்பட்டுவிடும். சி++ ஸ்டாக் அதற்குத் தயாராக இல்லாவிட்டால் அது வேறுவிதமாக வெடிக்கும். 3.14 முதல் அந்த த்ரெட் அப்படியே தொங்கிவிடும். இரண்டுமே வேண்டாம் என்றால், புரோகிராம் முடியும்போது ஓட வேண்டியவற்றைப் பதியும் அட்எக்ஸிட்டில் ஒரு ஃபங்ஷனைப் பதிந்து, அதில் முதலில் ஸ்டாப் அழைத்து தரவு த்ரெட் முடியும்வரை காத்திருந்து, பிறகு லிஸனரை நீக்கி, அதற்கும் பிறகு பைத்தான் பக்கத்து ரெஃபரன்ஸை விடுங்கள். அந்த ஸ்டாப்பும் ஜிஐஎல்லை விட்டுவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும்.